பாக்ஸை இறக்கும் முன்

"கியர் பாக்ஸ்ல சத்தம் வருதுண்ணே, இறக்கிப் பாத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் பழைய அம்பாசடரைப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். இறக்கிவிட்டால் சத்தமும் நின்றுவிடும். பிறகு எதைக் கேட்பது? ஓடுகிற நிலையில் வண்டி இருக்கும்போதே கேட்டு முடித்துவிட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

முதலில் இன்ஜினை ஐடிலில் விட்டு, நியூட்ரலில், கிளட்சைத் தொடாமல் கேட்பேன். அப்போது இன்புட் ஷாஃப்ட்டும் அதோடு பல் கோர்த்த லே கியரும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் வரும் உறுமல், பெடலை மிதித்ததும் அடங்கினால் கோளாறு பாக்ஸுக்குள். மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறதென்றால் கிளட்ச் பக்கம். அதிலும் மெதுவாக மிதிக்க வேண்டும். பெடலின் ஆட்டம் தீர்ந்து கனம் தொடங்கும் இடத்திலேயே கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்த பிறகே வந்தால் கிராங்க் முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷைச் சந்தேகிப்பேன். கிராங்க் சுற்ற, இன்புட் ஷாஃப்ட் நிற்க, அந்தப் புஷ்ஷுக்கு வேலை வருவதே அப்போதுதான்.

பழைய மாடல்களில் ரிலீஸ் பேரிங் என்று நாம் சொல்வது பால் பேரிங்கே இல்லை, கார்பன் வளையம். பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களிடம் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். பாவம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து ரோட்டுக்கு. நாலு கியர் பாக்ஸில் டாப் போட்டால் இழுவை இன்புட்டிலிருந்து மெயின் ஷாஃப்ட்டுக்கு நேராகப் போகும். லே கியர் பாரமில்லாமல் சும்மா சுற்றும். ஆகவே செகண்ட், தேர்டில் மேடு ஏறும்போது உறுமிய பாக்ஸ் டாப்பில் அமைதியானால், என் கை லே ஷாஃப்ட்டைத்தான் தேடும். ஃபர்ஸ்ட் கியரின் ஊளைக்கு யாரும் பணம் செலவழிக்க வேண்டாம். நேராக வெட்டிய பற்கள், அவை அப்படித்தான் பாடும். நியூட்ரலில் உருளும்போதும் வேகத்துக்கேற்ப சத்தம் தொடர்ந்தால், பாக்ஸை விட்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸையும் டிஃபரென்ஷியலையும் பார்க்கப் போவேன்.

இத்தனைக்கும் பிறகுதான் ஆயிலை வடிப்பது, சூடு ஆறுவதற்குள். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து வெயிலில் பிடித்தால், சிங்க்ரோ வளையங்களின் பித்தளைத் தூள் பொன்னாக மினுங்கும். கொஞ்சம் இருந்தால் பயமில்லை. காந்தத்தை விட்டுத் துழாவும்போது மீன் செதில் மாதிரி மெல்லிய எஃகுச் சில்லுகள் ஒட்டிக்கொண்டு வந்தால், உள்ளே பேரிங்கோ ஷாஃப்ட்டோ உரிகிறது.

திறந்தபின் நீடில் பேரிங்கை மட்டும் மாற்றச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. லே ஷாஃப்ட்மேல் நகத்தை ஓட்டினால் குழிகள் தட்டுப்படும். அந்தக் குழிகள்மேல் புது நீடில் உருண்டால் பழைய உறுமல் திரும்பிவிடும். உத்தர்பாராவில் 2014-ல் அம்பாசடர் தயாரிப்பு நின்றபின் நல்ல ஷாஃப்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஓனரிடம் குழிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஷாஃப்ட் கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவைக்கிறேன்.