கயிற்றில் வந்த கப்பல்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பையே சிறு வயதில் கடலென்று எண்ணியவன் நான். அத்தகைய நான், துறைச் சுற்றுலாவின்போது கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் ஒரு போர்க்கப்பலைக் கண்டேன்.

அதன் பெயர் ‘சபல்’. சோவியத் நாட்டில் கட்டப்பட்ட ஏவுகணைப் படகு. நீளம் 39 மீட்டருக்கும் குறைவு. எஃகு உடல், எடை குறைய அலுமினியக் கலவையில் மேற்கட்டு, இரு பக்கமும் நான்கு ஏவுகணைக் கூண்டுகள். “கராச்சியைத் தாக்கியது இதுதானே?” என்றான் நண்பன். இல்லை. ‘சபல்’ நம் கடற்படையில் சேர்ந்தது 1976இல். 2005இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டில் அருங்காட்சியகமானது. கராச்சியைத் தாக்கியவை இதன் மூத்த உடன்பிறப்புகள்.

அவர்கள் கதையைப் பேராசிரியர் அங்கேயே சொன்னார். இவ்வகைப் படகுகள் கரையைக் காக்கவே வடிவமைக்கப்பட்டவை. வேகம் மிகுதி, ஆனால் நெடுந்தூரம் செல்ல எரிபொருள் போதாது. 1971இல் அவை கல்கத்தாவில் வந்து இறங்கின. பெரிய கப்பல்கள் அவற்றைக் கயிறு கட்டிப் பம்பாய்க்கு இழுத்து வந்தன. ‘இப்படியே பகைவன் கரைக்கு அருகிலும் கொண்டுசென்றால் என்ன?’ என்ற எண்ணம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு நிபாத், நிர்காத், வீர் என்னும் மூன்று படகுகள், கில்தான், கச்சால் என்னும் துணைக்கப்பல்களோடு கராச்சியை நெருங்கித் தாக்கின. ‘கைபர்’ என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. அந்நாளே இன்று கடற்படை நாள். மூழ்கிய கப்பலிலும் தாய் பெற்ற பிள்ளைகள் இருந்தனர் என்பதையும் பேராசிரியர் சொல்லத் தவறவில்லை.

எனக்கோ அந்தக் கயிறே நினைவில் நின்றது. அக்காள் திருமணக் கடனுக்காகப் படிப்பை நிறுத்திவிட்டு, ஓசூரில் ஒப்பந்த வேலைக்குப் போவதென்று அப்போது முடிவு செய்திருந்தேன். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். என் கல்லூரிக் கட்டணம் அவருடைய ஓவர்டைம் பணம்.

வீடு திரும்பியதும் படகின் கதையை அவரிடம் சொன்னேன். கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தபடியே கேட்டார்.

“இழுக்கறது என் வேலைடா. கயித்த நீ அவுத்துக்காதே” என்றார்.

நண்பர்களே, நான் இன்னும் இக்கல்லூரியில்தான் படிக்கிறேன்.