இரண்டாம் முறை வந்த சேனாபதி

1996ஆம் ஆண்டு வெளிவந்த 'இந்தியன்' திரைப்படத்தை எங்கள் தலைமுறையினர் வெறும் பொழுதுபோக்காகக் கருதியதில்லை. லஞ்சம் கொடுக்க மறுத்து மகள் கஸ்தூரியைப் பறிகொடுக்கிறார் சேனாபதி. லஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதான பேருந்துக்குச் சான்று கொடுத்து, பள்ளிக் குழந்தைகளின் சாவுக்குக் காரணமான மகனையும் அவரே தண்டிக்கிறார். சட்டத்தைக் கையிலெடுக்கும் அவ்வழி மார்க்கத்துக்கு உகந்ததன்று என்று மரக்காணத்தில் எங்கள் பெரியவர்கள் அன்றே சொன்னார்கள். ஆயினும், தம் கொள்கைக்கான விலையை அவர் பிறரிடம் கேட்காமல் தம் வீட்டிலிருந்தே கொடுத்தார் என்பதை எவரும் மறுக்கவில்லை.

28 ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 12 அன்று அதே ஷங்கரின் இயக்கத்தில், அதே கமல்ஹாசனின் நடிப்பில் 'இந்தியன் 2' வெளியாயிற்று. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குச் சென்று பார்த்தோம். படம் நீளம் என்று பலரும் குறைப்பட்டதால் சில நாள்களிலேயே 12 நிமிடங்களை நீக்கினார்கள். எங்கள் ஏமாற்றமோ நீளத்தைப் பற்றியதன்று.

இப்படத்தின் கரு முதற்படத்தினுடையதைவிட ஆழமானது. முதலில் உங்கள் வீட்டைத் தூய்மை செய்யுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறார் சேனாபதி. நீதிக்குச் சாட்சி சொல்வது நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் அதில் உறுதியாக நிற்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்குப் பணிக்கிறது. ஆகவே நிமிர்ந்து அமர்ந்தோம். மகன் தந்தையைக் காட்டிக்கொடுக்கிறான், தந்தை கைதாகிறார், தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அந்த வீட்டில் மறுநாள் என்ன நடந்திருக்கும்? படம் அங்கே நிற்கவில்லை. மீண்டும் வர்மக்கலை, மீண்டும் மாறுவேடம், துரத்தல், முடிவில் மூன்றாம் பாகத்துக்கான முன்னோட்டம். இம்முறை விலை கொடுத்தவர்கள் பிறர். கொடுக்கச் சொன்னவர் சேனாபதி.

எங்கள் ஊர் உப்பளங்களில் உப்பு விளைந்து வாரியெடுத்த பின் பாத்தியில் கசப்பு நீர் எஞ்சும். அதை வெளியேற்றிவிட்டுத்தான் புதுநீர் பாய்ச்ச வேண்டும். பழைய நீரிலேயே மேலும் விளையவிட்டால் உப்பு கசக்கும். இப்படத்தை எடுத்தவர்கள் பழைய நீரை வடிக்கவில்லை என்றே எங்களுக்குத் தோன்றிற்று.

திரும்பும் வழியில் எங்கள் இளைய மகன் கேட்டான்: "அத்தா, ஈரம் வடியாத உப்பை எடைபோட்டு விற்பதும் லஞ்சம் மாதிரிதானா?"

"அதுவும் பிறர் பொருளை எடுத்துக்கொள்வதுதான்."

"நீங்கள் அப்படிச் செய்தால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்?"

"முதலில் என்னிடம் சொல். நான் கேட்காவிட்டால் பாட்டனாரிடம் சொல். அதற்கும் நான் திருந்தாவிட்டால் பிறகு ஊருக்குச் சொல்."

மூன்று மணி நேரப் படத்தில் இல்லாமற்போனது இந்த முதற்படிதான். தந்தையின் எதிரில் தனியே அமர்ந்து, "இது ஹராம் அத்தா" என்று மகன் சொல்லும் ஒரு காட்சி. காவலர்களை அழைப்பதைக் காட்டிலும் அதற்கே மிகுந்த துணிவு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்வதற்குத் தந்தைக்கு அதனினும் மிகுந்த துணிவு வேண்டும். அந்த உரையாடலுக்கு நம் இல்லங்களில் இடமிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.