அலிப்பூர்ப் புல்தரையும் மருந்துக் கணக்கும்

கல்கத்தா வாழ் தமிழன்பர்கள், 1820-ஆம் ஆண்டில் வில்லியம் கேரி நிறுவிய தோட்டக்கலைச் சங்கத்தின் அலிப்பூர்ப் பூங்காவை ஒருமுறையேனும் கண்டிருப்பர். அப்பசுமையைக் கண்டபின் நம் வீட்டு முன்றிலிலும் புல்தரை வளர்க்க விழைவது இயல்பே. புல்லை வளர்ப்பவர் மாலி எனப்படும் தோட்டக்காரர். அவர்களுள் ஒடிசாவிலிருந்து வந்தோர் பலர். நம்மைப் போலவே ஊர் விட்டு வந்தவர்கள். அவருடைய மாதச் சம்பளம் வேறு. எருவும் பூச்சிமருந்தும் இடுவோர் தடவைக்கு இவ்வளவு என்று தரும் பில் வேறு. இரண்டையும் கலத்தல் ஆகாது.

இந்நகரில் நிலத்தைக் கட்டாவால் அளப்பர். ஒரு கட்டா 720 சதுர அடி. சென்னையின் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது மூன்றேகால் கட்டாவுக்குச் சற்று மிகும். ஐந்து கட்டா மனையில் வீடும் நடைபாதையும் போகப் புல் ஒரு கட்டாவே இருக்கலாம். மருந்துக் கூலியை மனை முழுமைக்கும் போட்டால் ஐந்து மடங்கன்றோ கொடுக்கிறோம்! ஆகவே புல்லை மட்டும் அளந்து முன்னரே பேசிக்கொள்ளல் நன்று. பில்லில் தேதி, மருந்தின் பெயர், அளவு மூன்றும் இருக்கட்டும்.

ஆனி, ஆடி மழையில் காலையில் தெளித்தது மாலையில் சாக்கடை சேரும். மறுமுறைச் செலவு யாருடையது? வானம் இருண்டிருக்கத் தெளித்தவர் முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். வெயிலில் தெளித்தபின் எதிர்பாராது பெய்தால், மருந்தின் விலையை நாம் கொடுக்கலாம். கூலியை அவர் விட்டுவிடலாம் என்பது எம் கருத்து.