தூண்டிப் பார்ப்பதற்கு முன்

கார்டிசால் கூடுதலா என்று ஒரு காலை ரத்தப் பரிசோதனையை வைத்துச் சொல்லிவிட முடியாது. விடியலில் ஏறி நள்ளிரவில் இறங்குகிற ஹார்மோன் அது. காய்ச்சலும் கவலையும்கூட அதை ஏற்றும். ஆகவே பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டியால் கார்டிசால் மிகையாகும் குஷிங் நோயைத் தேடும்போது முதலில் அடக்கிப் பார்க்கிறோம். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் கார்டிசால் நின்றால் அடங்கவில்லை என்று அர்த்தம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கடும் மனச்சோர்வு, குடி, கட்டுப்படாத சர்க்கரை, அதிக உடல் பருமன் இருப்பவர்களுக்குக் கட்டி எதுவும் இல்லாமலே கார்டிசால் ஏறும். உண்மையான நோயாளியை இவர்களிடமிருந்து பிரித்தறியத்தான் தூண்டும் சோதனை. நாங்கள் பயன்படுத்துவது டெஸ்மோபிரசின். படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே மருந்து. 10 மைக்ரோகிராம் நரம்பில் போட்டால், இயல்பான பிட்யூட்டரி பெரும்பாலும் பெரிதாக அசையாது. கட்டி இருந்தால், கார்டிசாலைச் சுரக்கவைக்கும் ஏசிடிஎச் ஹார்மோன் சட்டென்று ஏறும்.

கேனுலாவை முன்கூட்டியே போட்டு நோயாளியை அமைதியாகப் படுக்க வைப்பேன். ஊசி குத்திய பதற்றமே முதல் அளவைக் கெடுக்கும். மருந்து போனதும் முகம் சிவக்கலாம், படபடக்கலாம். சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார்கள். அன்று தண்ணீர் அளவோடுதான், இல்லையேல் சோடியம் இறங்கிவிடும். ஏசிடிஎச் ரத்தத்தில் சீக்கிரம் சிதையும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் புதைத்து, குளிரூட்டிய இயந்திரத்தில் சுழற்ற வேண்டும். குழாய் லிஃப்டுக்காகக் காத்து நின்றதா என்பது ரிப்போர்ட்டில் வராது. அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் நர்ஸிடம் விசாரிப்பேன்.

எண் வந்த பிறகும் கேள்வி முடிவதில்லை. ஏசிடிஎச் 27 பிகோகிராமாவது ஏற வேண்டும் என்றது ஓர் ஆய்வுக் குழு. 18 ஏறினாலே போதும், ஆனால் தொடக்கக் கார்டிசாலும் 12 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும் என்றது இன்னொன்று. டெக்ஸாமெத்தசோன் கொடுத்துவிட்டு, ஏசிடிஎச்சைத் தூண்டும் சிஆர்எச் ஹார்மோனைச் செலுத்தும் சோதனைக்கும் இதே கதைதான். 1993இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அது இரு தரப்பையும் துல்லியமாகப் பிரித்தது. பிற மையங்களில் அந்தத் துல்லியம் நிலைக்கவில்லை. யாரைச் சோதித்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தே எல்லைக்கோடு விழுகிறது. அந்தக் கோட்டை அப்படியே கொண்டுவந்து நம் நோயாளி மேல் போடுவது ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்றால், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சிறு புள்ளி தென்படலாம். தவறாக ஏறிய ஒரு ரிப்போர்ட்டும் அப்படி ஒரு எம்ஆர்ஐயும் சேர்ந்தால், தேவையில்லாத அறுவை சிகிச்சை வரை போய்விடும். அதனால் மெலிந்த தோல், காரணமில்லாத கன்றல், உட்கார்ந்து எழ முடியாத தொடைப் பலவீனம், அகன்ற ஊதா வரிகள் எதுவும் இல்லாதவரை நான் தூண்டும் சோதனைக்கு அனுப்புவதில்லை. மனச்சோர்வுக்கும் சர்க்கரைக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு, சில மாதம் கழித்து முதல் சோதனையைத் திரும்பச் செய்வேன். "சும்மா இருக்கச் சொல்றீங்களே டாக்டர்" என்று வீட்டார் வருத்தப்படுவார்கள். கட்டி என்றால் காலப்போக்கில் அறிகுறிகள் கூடும். மற்றது பெரும்பாலும் தணியும்.

இந்தச் சோதனைகளுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறீர்களா? டெக்ஸாமெத்தசோன் சீக்கிரம் கரைந்து, நோய் இருப்பதுபோலக் காட்டும். கருத்தடை மாத்திரையும் கார்டிசால் அளவை உயர்த்திக் காட்டும். மூட்டில் போட்ட ஊசி, முகம் வெளுக்கப் பூசிய கிரீம், பெயர் தெரியாத வலிப் பொடி எல்லாவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டையும் ட்யூபும் பொட்டலமும் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.