பட்டாவில் இல்லாத பெயர்கள்

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. மண்ணைக் கெடுக்காமல் இத்தனை பேருக்கும் எப்படிச் சோறு போடுவது என்று கேட்கிறார்கள். விதை, நீர், உரம் என்று பதில்கள் வருகின்றன. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. அப்பாயி பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிவைப்பார். அவரை விதையைச் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் கட்டிவைப்பார். விதைநெல்லுக்கு எந்தக் கதிரை ஒதுக்குவது என்பதிலும் அவர் சொல்தான். 1966இல் ஐ.ஆர்.8 வந்தது, குட்டை ரகங்கள் பரவின. விளைச்சல் கூடியது, பஞ்ச பயம் தணிந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் விதை வீட்டுக் கலயத்தை விட்டுக் கடைக்குப் போனது. கடைக்குப் போய்வந்தவர்கள் ஆண்கள். எதை விதைப்பது என்ற பேச்சில் அப்பாயிக்கு இடமில்லாமல் போனது. பட்டாவில் அவர் பெயர் முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இப்போது இயற்கை வேளாண்மை பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் களைக்கொல்லியை நிறுத்தினால் களை நின்றுவிடாது; யாராவது குனிந்து பிடுங்க வேண்டும். டெல்டாவில் அப்படிக் குனிகிறவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் பெண்கள். பாரம்பரிய அரிசிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் நாம், அதில் அவர்கள் கூலிக்கு எவ்வளவு போனது என்று கேட்பதில்லை. மண்ணின் களைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முதுகுகளின் களைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடுதான். பட்டா இல்லாதவளுக்குப் பயிர்க்கடன் எளிதில் கிடைக்காது, பி.எம். கிசான் உதவித்தொகையும் நிலப் பதிவேட்டைப் பார்த்துத்தான் வருகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2011 அறிக்கையில் ஒரு கணக்குப் போட்டது: ஆண்களுக்குக் கிடைக்கும் வளங்கள் பெண் விவசாயிகளுக்கும் கிடைத்தால் அவர்கள் வயல்களில் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு கூடும், பசித்திருப்போரில் 10 முதல் 15 கோடிப் பேர் குறைவார்கள்.

இது நடக்காத காரியமல்ல. 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் கீழத்தஞ்சைக்கு வந்து உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவுசெய்தார்கள்.

என் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் விடுதலைப் பத்திரம் என் முன்னால் வந்தது. “உனக்குத்தான் வேலை இருக்கேம்மா, அண்ணன்கிட்ட நிலத்துக்கு வந்து நிப்பியா?” என்றார் சித்தப்பா. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. அதன்பின் அண்ணன் வீட்டிலிருந்து பொங்கல் சீர் வருவதில்லை. இதைப் படிக்கும் மாணவிகளில் பலருக்கும் அந்தத் தாள் ஒருநாள் வரும். அன்பின் பெயரால்தான் வரும். படித்துப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

என் பங்கு இரண்டு மா. அந்த வயலில் முப்பது வருடம் நாற்று நட்ட அக்காவுக்கு, அவர் பெயரிலேயே குத்தகை எழுதிக் கொடுத்திருக்கிறேன். குத்தகை சொந்தமாகிவிடாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். சம்பாவுக்கு என்ன நெல் போடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“தூயமல்லி போடுறம்மா. களையெடுக்க வர்றவங்களுக்கு என்ன கூலின்னு இந்தத் தடவ நாந்தான் சொல்லுவேன்” என்றார்.