பாட்டில் கணக்கும் வருஷக் கணக்கும்

வீட்டிலேயே பீர் காய்ச்சினால் காசு மிச்சம் என்பவர்கள் பெரும்பாலும் பாட்டில் கணக்கு பார்ப்பவர்கள். அடக்கம் இவ்வளவு, கடை விலை இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு என்று போட்டுக் காட்டுவார்கள். கூட்டல் கழித்தலில் பிழை இருக்காது. ஆனால் வருஷக் கடைசியில் அந்த மிச்சம் கையில் இருக்காது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் இதைப் பொழுதுபோக்காகச் செய்துவருபவன் என்ற முறையில், அது எங்கே போகிறது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பாட்டில் கணக்கு. வீட்டில் காய்ச்சுபவர்களின் வழக்கமான ஈடு ஐந்து காலன், அதாவது 19 லிட்டர். அடியில் தங்கும் வண்டல் போக, 355 மில்லி பாட்டில் 48 தேறும். ஐந்து சதவீத ஆல்கஹால் உள்ள பேல் ஏல் என்ற பீர் வகைக்குப் பத்து பவுண்டு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், போதும். ஏறக்குறைய நாலரைக் கிலோ. சில்லறையில் அது இருபது டாலர் சொச்சம். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ மூன்று அவுன்ஸுக்கு எட்டு டாலர், உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட் ஆறு டாலர். மூடி, சர்க்கரை, கிருமிநீக்கி, கேஸ் எல்லாம் சேர்ந்தால் நாற்பது டாலருக்கு வந்து நிற்கும். பாட்டிலுக்கு 83 சென்ட். சிறு ஆலைகளின் பீர் இங்கே ஆறு பாட்டில் பன்னிரண்டு டாலர். ஆக, பாட்டிலுக்கு ஒரு டாலருக்கு மேல் லாபம் என்று தோன்றும்.

ஊரும் கொஞ்சம் கைகொடுக்கிறது. ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. போர்ட்லண்டுக்கு வரும் புல் ரன் ஆற்று நீர், உப்புகள் அதிகம் கலக்காத மென்னீர்; ஒரு சிட்டிகை ஜிப்சம் சேர்த்தால் வேலை முடிந்தது, தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பேல் ஏலுக்குப் பலரும் போடும் காஸ்கேட் ஹாப்ஸ் இந்த மாநிலத்திலேயே, கோர்வாலிஸ் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவான ரகம். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் இங்கே பத்து சென்ட் கிடைக்கும். கொடுக்காமல் கழுவி வைத்துக்கொள்பவருக்குப் புது பாட்டில் செலவு அந்தப் பத்து சென்ட்தான்.

செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் எந்த பீர் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்து பாணியில் மூன்றரை சதவீத பிட்டருக்கு ஏழு பவுண்டு மால்ட்டும் ஓர் அவுன்ஸ் ஹாப்ஸும் போதும். முப்பது டாலருக்குள் அடங்கும். இன்று எல்லோரும் கேட்கும் கலங்கலான ஐபிஏ வகை பீருக்கு ஹாப்ஸ் மட்டுமே எட்டு அவுன்ஸ் வரை விழுங்கும். ஈடு அறுபது டாலரைத் தொடும்.

மால்ட்டை மூட்டையாக வாங்கினால் பவுண்டுக்கு ஒரு டாலர் வரை குறையும். ஆனால் முழுத் தானியமாக வாங்கி வீட்டில் உடைக்க உருளை ஆலை வேண்டும், அதற்கு நூற்றைம்பது டாலர். ஈட்டுக்குப் பத்து டாலர் மிச்சம் என்றால் பதினைந்து ஈடு கழித்துத்தான் போட்ட காசு திரும்பும். அதற்குள் ஆர்வம் வற்றிப்போனவர்கள் உண்டு. முதலீடே இல்லாத சிக்கனம் ஈஸ்ட்டில்தான். உறைமோர் எடுத்து வைப்பதுபோல, நொதித்து முடிந்த பாத்திரத்தின் அடியிலிருந்து ஈஸ்ட்டைச் சேகரித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்தடுத்த நாலைந்து ஈட்டுக்கு வரும்.

கைவைக்கக் கூடாத இடம் கிருமிநீக்கி. ஐந்து காலன் தண்ணீருக்கு ஓர் அவுன்ஸ். மொத்தச் செலவில் இதைவிடச் சிறிய தொகை இல்லை. இதில் சிக்கனம் பார்ப்பவர் நாற்பது டாலர் பீரைப் புளித்த நீராகச் சாக்கடையில் கொட்டுவார்.

பொருள் செலவுக்குச் சட்டமே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1978 அக்டோபரில் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டுப் பயன்பாட்டுக்குக் காய்ச்சும் பீரை வரியிலிருந்து விலக்கியது. வயது வந்த ஒருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். தனியாள் நூறு காலனையும் காய்ச்சித் தீர்த்தாலும் இருபது ஈடுதான்; பேல் ஏல் கணக்கில் எண்ணூறு டாலர். இதே சட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. இந்த பீரை விற்கக் கூடாது, ஒரு பாட்டில்கூட. ஆகவே நம் பேரேட்டில் வரவுப் பக்கம் எப்போதும் காலி.

அந்த வரம்பு கருவிகளுக்குக் கிடையாது. அண்டா, நொதிகலன், வெப்பமானி, அடர்த்திமானி, மூடி போடும் கருவி என்று இருநூறு டாலரில் தொடங்கலாம். பிறகு நாற்பத்தெட்டு பாட்டிலைக் கழுவும் அலுப்பில், மொத்த பீரையும் அடைத்து வைக்கும் கெக் என்ற உலோகக் கலனைத் தேடுவோம். கெக் வந்தால் கார்பன் டை ஆக்ஸைடு உருளை, அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி, பழைய குளிர்பெட்டி, குழாய்கள் என்று ஐந்நூறு டாலர் கரையும். உருளைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை வேறு. காய்ச்சும் நாளில் ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தும் மின்சார இயந்திரங்களும் இருக்கின்றன. ஐந்தாறு மணி நேரத்தை விரும்பித்தான் இதில் கழிக்கிறோம். அதில் ஒரு மணியைக் குறைக்க நூற்றுக்கணக்கில் கொடுப்பது எனக்குப் புரிந்ததில்லை.

இனி வருஷக் கணக்கு. மாதம் ஓர் ஈடு காய்ச்சுபவருக்குப் பொருள் செலவு 480 டாலர். ரப்பர் வளையம், குழாய், உடைந்த அடர்த்திமானி, உருளையில் கேஸ் நிரப்புதல் என்று நூறு. கருவிகளின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு இன்னொரு நூறு. மொத்தம் 680. கிடைப்பது 576 பாட்டில். கடையில் அவற்றின் விலை 1,152 டாலர். ஆக, 472 டாலர் மிச்சம்!

ஆனால் அந்த 576 பாட்டிலை யார் வாங்கியிருப்பார்? காய்ச்சாமல் இருந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு ஓர் ஆறு பாட்டில் பெட்டி வாங்கியிருப்பேன். வருஷத்துக்கு 312 டாலர். மீதி பாட்டில்கள் நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகின்றன, இல்லாவிட்டால் தேவைக்கு மேல் நானே குடிக்கிறேன். வாங்கவே போகாத பீரின் விலையை மிச்சத்தில் சேர்ப்பதுதான் பாட்டில் கணக்கின் சூது. அதிகம் காய்ச்சினால் பாட்டில் அடக்கம் குறையும்; வருஷச் செலவோ ஏறும்.

680இல் 312ஐக் கழித்தால் 368. இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான விலை அதுதான், நாளுக்கு ஒரு டாலர். ஒரு பொழுதுபோக்குக்கு அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒன்று சொல்வேன்: வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கருவிகளையும் அதற்குள்ளேயே அடக்குங்கள். லாபத்துக்காக மட்டும் இதில் இறங்காதீர்கள்.