அடுத்த காலுக்கு யார் கூட்டி வருவார்?

வியஞ்சானில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு ராத்திரி தங்கிவிட்டு லுவாங் பிரபாங் போய்விடுங்கள் என்றுதான் லாவோஸ் போய்வந்த நண்பர்கள் சொன்னார்கள். தலைநகரம் என்று பெயரே தவிர, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம் தாலுகா ஊர் மாதிரி அடங்கிவிடுகிறது. ஒரு தங்க ஸ்தூபி, மேகாங் கரையில் இரவுக் கடைவீதி, நடுவில் பத்துசாய் என்ற பெரிய வளைவு. விமான ஓடுதளம் போட அமெரிக்கா கொடுத்த சிமென்டில் எழுப்பியது என்பதால் அதற்கு ‘செங்குத்து ரன்வே’ என்று ஒரு பட்டப்பெயர். இவற்றைப் பார்க்க அரை நாள் போதும். மீதி அரை நாளுக்கு நான் வைத்திருந்த இடம் கோப்.

டுக்-டுக் ஓட்டுநருக்கு என் ஆங்கிலம் புரியவில்லை. ‘கோப்’ என்று இரண்டாம் முறை சொன்னதும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார், ஏறச் சொன்னார். கூவியங் சாலையில் அரசு மறுவாழ்வு மருத்துவ மையத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது. 1997இல் லாவோஸ் சுகாதார அமைச்சகமும் சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய, செயற்கைக் கால் கொடுக்கும் அமைப்பு. மருத்துவமனையும் பட்டறையும் அரசுடையவை. மூலப்பொருள், பயிற்சி, ஏழை நோயாளிகளின் செலவு ஆகியவற்றைக் கோப் பார்த்துக்கொள்கிறது. நம்மைப் போன்ற பயணிகளுக்காக முன்பக்கம் ஒரு காட்சிக்கூடம். அனுமதி இலவசம்.

உள்ளே, கூரையிலிருந்து ஒரு கொத்துக்குண்டின் உறை இரண்டாகப் பிளந்து தொங்குகிறது. அதிலிருந்து நூற்றுக்கணக்கான இரும்பு உருண்டைகள் மழைபோல் இறங்குகின்றன. ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவு. லாவோஸ்காரர்கள் இதை ‘பாம்பி’ என்கிறார்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் சுமார் 5,80,000 முறை பறந்து வந்து இந்த நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அன்றைய மக்கள்தொகைக்கு, தலைக்கு ஒரு டன் என்று பொதுவாகச் சொல்வார்கள். வட வியட்நாம் படைகள் பயன்படுத்திய ஹோ சி மின் பாதையை அடைக்க ஒரு பக்கம், வடக்கே சியங்குவாங் மேட்டுநிலத்தில் இடதுசாரிப் படைகளை ஒடுக்க இன்னொரு பக்கம். அமெரிக்க மக்களுக்கே தெரியாமல் நடந்த போர். வீசிய 27 கோடி பாம்பிகளில் 30 சதவீதம், அதாவது 8 கோடி, வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டதாகக் கணக்கு. போர் முடிந்த பிறகு மட்டும் சுமார் 20,000 பேர் இவற்றால் செத்திருக்கிறார்கள் அல்லது ஊனமாகியிருக்கிறார்கள். அதில் கணிசமான பங்கு குழந்தைகள்.

குழந்தைகள் ஏன் என்று கேட்கவே வேண்டாம். இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு பெத்தாங்க் விளையாடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன, இரும்புப் பந்தை உருட்டும் ஆட்டம். மண்ணில் துருப்பிடித்த உருண்டை ஒன்று கிடைத்தால் பையன் கை சும்மா இருக்குமா? போதாததற்குப் பழைய இரும்புக்கு நல்ல விலை. வியட்நாமில் செய்த மலிவான உலோகம் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு வயலைத் துழாவிய பிள்ளைகளின் கதைகள் அந்தச் சுவர் முழுக்க இருக்கின்றன.

நான் அதிக நேரம் நின்றது வேறொரு இடத்தில். கோப் வருவதற்கு முன்பு கிராமத்து மக்கள் தாங்களாகவே செய்துகொண்ட கால்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். புதுக் கால் வாங்கியபோது பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவை. மூங்கில், மரக்கட்டை, அலுமினியத் தகடு. ஒன்றில் தொடை நுழையும் வாய்ப் பகுதியைச் சுற்றிப் பழந்துணி அடைத்திருந்தது. வருஷக்கணக்கான வேர்வையில் துணி கறுத்து, விளிம்பு தோல்போல் வழவழப்பாகியிருந்தது. இன்னொன்றின் அடிப்பாகம் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. இடுப்பை இழுத்து இழுத்து நடந்தவர் போலிருக்கிறது. அந்த அலுமினியத் தகடு எதிலிருந்து வந்தது என்று தனியாக எழுதி வைக்க வேண்டியதில்லை. காலை எடுத்ததும் குண்டு, கால் செய்ய உலோகம் கொடுத்ததும் அநேகமாக அதே குண்டின் உறை.

இப்போது பட்டறைகளில் செய்வது பாலிப்ரோப்பிலீன் கால். குடம், நாற்காலி செய்யும் அதே பிளாஸ்டிக். எஞ்சிய காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் மாவை ஊற்றினால் அந்தக் கால் அப்படியே வெள்ளையாக எழுந்து வரும். எலும்பு துருத்தும் இடத்தில் கொஞ்சம் மாவு பூசி, சதை தாங்கும் இடத்தில் கொஞ்சம் சீவி எடுக்க வேண்டும். கலை இதில்தான் இருக்கிறது. இங்கே தவறினால் போட்டவருக்குப் புண் நிச்சயம். பிறகு அடுப்பில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சினால், தகடு அச்சோடு ஒட்டிக்கொள்கிறது.

காட்சிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது வளாகத்து நடைவழியில் ஒரு பையனை நிற்க வைத்திருந்தார்கள். ஏழு வயது இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. கால்சட்டைக்கு மேல் இடுப்பெலும்பு இரண்டிலும் கை வைத்து, டெக்னீஷியன் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வலது இடுப்பு தாழ்ந்திருந்தது. பக்கத்திலிருந்து மெல்லிய பலகை ஒன்றை எடுத்து அந்தப் பிளாஸ்டிக் பாதத்துக்கு அடியில் செருகினார். மறுபடி இடுப்பைப் பார்த்தார். இன்னொரு பலகை. இன்னும் ஒன்று. மூன்றாவது பலகையில் இரண்டு கையும் ஒரே மட்டத்துக்கு வந்தன. பையனின் அம்மா பலகைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். போன தடவை கால் மாட்டியதிலிருந்து பிள்ளை அவ்வளவு வளர்ந்திருக்கிறான்.

குழந்தைக்குச் செயற்கைக் கால் கொடுப்பதில் பெரியவர்களுக்கு இல்லாத சங்கடம் இது. பெரியவருக்குச் செய்த கால் இரண்டு வருஷம் போகும். குழந்தைக்கு ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம். ஐந்து வயதில் காலை இழந்த பிள்ளை பதினெட்டைத் தொடுவதற்குள் குறைந்தது ஒரு டஜன் கால் மாற்றியாக வேண்டும். போதாததற்கு, எலும்பின் நடுவில் வெட்டிய இடத்தில் தோலைவிட எலும்பு வேகமாக வளர்ந்து கூராகக் குத்தும். மறுபடி அறுவை சிகிச்சை. வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளையும் கோப் கவனிக்கிறது. அங்கேயும் இதே கதைதான். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் பாதத்தை நேராக்கிவிடலாம், ஆனால் நாலு வயது வரை இரவில் காலணிப் பட்டை போட்டே தூங்க வைக்க வேண்டும். விட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும்.

ஆகவே இந்த வேலையில் பிளாஸ்டிக்கைவிட முக்கியமான பொருள் பஸ் டிக்கெட். வியஞ்சான் உட்பட ஐந்து ஊர்களில்தான் மையங்கள். வடகோடிப் போங்சாலி மாகாணத்து மலைக் கிராமத்திலிருந்து லுவாங் பிரபாங் மையத்துக்கு வர ஒரு முழு நாள் போதாது. பிள்ளையோடு ஒரு பெரியவரும் வர வேண்டும். நடவோ அறுப்போ நடந்துகொண்டிருந்தால் யார் வருவார்கள்? கால் சிறிதாகிவிட்டது, கடிக்கிறது, புண்ணாகிறது. பிள்ளை அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு மறுபடி கம்பை ஊன்றும். இதனால்தான் கோப் சிகிச்சைச் செலவோடு போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் கொடுக்கிறது. கிராமங்களுக்கு ஆள் அனுப்பித் தேடியும் பிடிக்கிறது. நன்கொடை கேட்கும் எந்தச் சுவரொட்டியிலும் பஸ் டிக்கெட்டின் படம் இருக்காது. முதல் காலை மாட்டிக்கொண்டு சிரிக்கும் குழந்தைக்குக் கேமரா வரும். ஏழாவது காலுக்கு யாரும் வருவதில்லை.

2016 செப்டம்பரில் ஒபாமா இங்கே வந்தார். பதவியில் இருக்கும்போது லாவோஸ் வந்த முதல் அமெரிக்க அதிபர். குண்டுகளை அகற்ற மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். நல்ல காரியம்தான், ஆனால் கொத்துக்குண்டைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தத்தில் அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை. அந்த ஒப்பந்தம் 2010 ஆகஸ்டில் அமலுக்கு வந்து, அதே வருஷம் முதல் மாநாடு இதே வியஞ்சானில் கூடியது. இலங்கை 2018இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. அமெரிக்காவைத் திட்டிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

லாவோஸ் போகிறவர்கள் லுவாங் பிரபாங் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் கூவியங் சாலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போகாதவர்களும், வியஞ்சானோ, செயற்கைக் காலுக்குப் பேர்போன ஜெய்ப்பூரோ நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் நடக்கும் முகாமோ, ஒரு குழந்தையின் காலுக்குப் பணம் எழுதும்போது ஒன்றைக் கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து இந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர பஸ் காசு யார் கணக்கில்? அதற்குப் பதில் வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள்.